மூன்று மாத பைத்தன் வகுப்பு முடிந்தது, வெற்றுக் கோப்பைத் திறந்தால் கை ஓடவில்லை

வைகைக்கரை
சனி, இரவு 9:40

வணக்கம். நான் பி.காம். படித்தவன், மதுரையில் ஒரு அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி வேலை பார்க்கிறேன். மாலை நேர வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம் பைத்தன் என்ற நிரல்மொழியைக் கற்றேன். லிஸ்ட், டிக்ஷனரி, ஃபங்ஷன், கிளாஸ் வரை நடத்தினார்கள். பகா எண், ஃபிபனாச்சி, நட்சத்திர முக்கோணம் எல்லாம் போட்டுவிட்டேன். பரீட்சையில் நல்ல மதிப்பெண்ணும் வந்தது.

ஆனால் வகுப்பு முடிந்த பிறகு ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் முதல் வரி என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. யூடியூபில் ஒருவர் செய்வதைப் பார்த்து டு-டூ லிஸ்ட் ஒன்று செய்தேன். வீடியோ ஓடும்வரை எல்லாம் புரிகிறது. வீடியோவை நிறுத்தினால் நானும் நின்றுவிடுகிறேன். கால்குலேட்டர், வானிலை செயலி என்று பட்டியல் போட்டுத் தருகிறார்கள், அதில் எதைச் செய்தாலும் இதே நிலைதான். சின்ன புராஜெக்ட் செய்துதான் கைப்பழக்கம் வரும் என்கிறார்கள். எந்த மாதிரி புராஜெக்ட்? எங்கிருந்து பிடிப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ரயிலடி
சனி, இரவு 10:15

என் கருத்தை நேராகச் சொல்கிறேன். வேலைக்குத்தான் கற்கிறீர்கள் என்றால் புராஜெக்ட் எல்லாம் அப்புறம். கேம்பஸ் தேர்விலும் சரி, வெளியே போனாலும் சரி, முதல் சுற்றில் கேட்பது டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம் கணக்குகள்தான். தினமும் இரண்டு கணக்கு, ஆறு மாதம். நான் அப்படித்தான் உள்ளே நுழைந்தேன். சின்னச் சின்ன புராஜெக்ட்டில் நேரம் போனால் திரும்ப வராது.

கொள்ளிடம்
சனி, இரவு 11:02

ரயிலடி சொல்வது நேர்முகத் தேர்வுக்குப் பொருந்தும், நான் மறுக்கவில்லை. ஆனால் இவர் கேட்பது வேறு. கணக்கு என்றால் கேள்வியை வேறு ஒருவர் சுத்தமாக எழுதிக் கொடுத்துவிடுவார். உள்ளீடு இது, விடை இது என்று இருக்கும். வெற்றுக் கோப்பு முன்னால் கை ஓடாதது, கேள்வியை நாமே உருவாக்கிப் பழகாததால்தான். அந்தப் பழக்கம் வர ஒரு சொந்தக் காரியம் வேண்டும்.

நான் 17 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் ஒன்றுதான் கேட்பேன்: உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது கையால் செய்துகொண்டிருக்கும் வேலை ஒன்று சொல்லுங்கள். அதற்குச் சரியான விடை என்ன என்று கணினி இல்லாமலே அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது விஷயம் ரொம்ப முக்கியம். வானிலை செயலி செய்தால் அது காட்டும் வெப்பநிலை சரியா தப்பா என்று உங்களுக்குத் தெரியாது. அது எதைக் காட்டினாலும் ஒத்துக்கொள்வீர்கள். மளிகைக் கடை அண்ணாச்சியின் நோட்டைக் கணினியில் ஏற்றினால், ஐம்பது பைசா தப்பினாலும் அவர் கண்டுபிடித்துவிடுவார். நிரல் தப்பு செய்யும்போது யாராவது கையைப் பிடித்து நிறுத்த வேண்டும், அங்கேதான் கற்கிறோம்.

யோசித்துச் சொல்லுங்கள் தம்பி. அப்படி யார் இருக்கிறார்கள்?

வைகைக்கரை
ஞாயிறு, காலை 11:20

இரவெல்லாம் யோசித்தேன் அண்ணா. அலுவலகக் கோப்புகளைத் தொட முடியாது. ஆனால் என் அத்தை ஒருவர் பள்ளியில் தமிழாசிரியை. வருடா வருடம் பிள்ளைகளுக்காக அருஞ்சொற்பொருள் கையேடு ஒன்று தயாரிப்பார். இப்போது 640 சொல் இருக்கிறது. புதுச் சொல் சேர்க்கும்போதெல்லாம் அகர வரிசையில் சரியான இடம் தேடி, கையால் வெட்டி ஒட்டுகிறார். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் இதற்கே நான்கைந்து நாள் போய்விடுகிறது.

இது சுலபம் என்று நினைத்துக் காலையிலேயே உட்கார்ந்தேன். சொற்களை ஒரு லிஸ்ட்டில் போட்டு, வரிசைப்படுத்தித் தரும் 'சார்ட்டட்' ஃபங்ஷனைக் கூப்பிட்டேன், இரண்டே வரி. சோதனைக்கு 9 சொல் கொடுத்தேன். வந்தது இது:

அன்பு, அமுது, அம்பு, அம்மா, அழகு, அவல், ஜன்னல், ஞாயிறு, தமிழ்

அத்தையிடம் காட்டினேன். சிவப்புப் பேனாவை எடுத்து அவர் திருத்திக் கொடுத்தது இது:

அம்பு, அம்மா, அமுது, அவல், அழகு, அன்பு, ஞாயிறு, தமிழ், ஜன்னல்

"னகரம் கடைசி எழுத்துடா, அது எப்படி மகரத்துக்கு முன்னால வரும்" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

செங்காந்தள்
ஞாயிறு, மதியம் 1:05

நல்ல காரியத்தைப் பிடித்திருக்கிறீர்கள். நான் பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவள், என் மாணவர்களுக்கும் இதைக் கொடுக்கலாம் போலிருக்கிறது.

விடையை நான் சொல்லப்போவதில்லை, கதவை மட்டும் காட்டுகிறேன். பைத்தனில் 'ஆர்ட்' என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. ஒரு எழுத்தைக் கொடுத்தால், எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோட் தரத்தில் அதன் எண் என்ன என்று சொல்லும். ன, ப, ம, ழ, வ ஐந்துக்கும் போட்டுப் பாருங்கள். ன 2985, ப 2986, ம 2990, ழ 2996, வ 2997 என்று வரும். கணினிக்கு அகர வரிசை தெரியாது. இந்த எண்ணை வைத்துத்தான் அடுக்குகிறது.

ஏன் இப்படி எண் கொடுத்தார்கள் என்றால், யூனிகோடில் இந்திய மொழிகளின் இடங்கள் இஸ்கி என்ற பழைய இந்தியத் தரத்தின் அமைப்பைப் பின்பற்றியவை. எல்லா மொழிக்கும் பொதுவாக ஒரே வரிசை. அதில் நகரத்துக்குப் பக்கத்திலேயே னகரத்தை வைத்தார்கள், ரகரத்துக்குப் பக்கத்தில் றகரத்தை, லகரத்துக்குப் பக்கத்தில் ளகரமும் ழகரமும். நம் நெடுங்கணக்கில் 'ய ர ல வ ழ ள ற ன' என்று வருவதை அந்த அமைப்பு கணக்கில் எடுக்கவில்லை.

அதனால் வரிசையை நீங்கள்தான் கணினிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது: ஒரு சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிக்க வேண்டும். 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்தால் த, மி, ழ் என்று மூன்று துண்டு வர வேண்டும். இதை மட்டும் முதலில் செய்யுங்கள். வரிசையை இப்போது மறந்துவிடுங்கள்.

வைகைக்கரை
செவ்வாய், இரவு 10:48

இரண்டு மாலை போய்விட்டது அக்கா. ஆனால் வந்துவிட்டது!

நடந்ததை எழுதுகிறேன், என்னைப் போன்றவர்களுக்கு உதவும். முதலில் 'லென்' போட்டு நீளம் பார்த்தேன். 'தமிழ்' என்ற சொல்லுக்கு 5 என்றது. 3 வரும் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொன்றின் எண்ணையும் அச்சிட்டபோது 2980, 2990, 3007, 2996, 3021 என்று வந்தது. அதாவது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. 'மி' என்பது நமக்கு ஒரு எழுத்து, கணினிக்கு இரண்டு.

அடுத்து, உரையில் ஓர் அமைப்பைத் தேடிப் பிடிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் போட்டு அதில் 'சொல் எழுத்து' என்ற குறியீட்டைப் பயன்படுத்தினேன். வகுப்பில் ஆங்கில வாக்கியத்தைச் சொற்களாகப் பிரிக்க அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அது 'தமிழ்' என்ற ஒரே சொல்லை 'தம', 'ழ' என்று இரண்டாக வெட்டி, இகரக் குறியையும் புள்ளியையும் தூக்கிப் போட்டுவிட்டது. இதில் ஒரு மாலை முழுக்கப் போனது. பிறகுதான் தெரிந்தது, பைத்தனுக்குள்ளேயே வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் நூலகம் உயிர்மெய்க் குறிகளை எழுத்தாக எண்ணுவதில்லை.

கடைசியில் அதை விட்டுவிட்டு சாதாரண ஃபார் லூப் எழுதினேன். ஒவ்வொரு குறியாக எடு. அது துணைக்குறி அல்லது புள்ளி என்றால் முந்தைய துண்டோடு ஒட்டு. இல்லையென்றால் புதுத் துண்டு தொடங்கு. மொத்தம் 9 வரி. வகுப்பில் மூன்று மாதம் எழுதிய எதையும்விட இந்த 9 வரி எனக்குப் புரிந்திருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு வரியும் எதற்கு என்று என்னால் சொல்ல முடியும்.

கொள்ளிடம்
செவ்வாய், இரவு 11:30

அருமை தம்பி. வெளியிலிருந்து நிறுவிக்கொள்ளும் 'ரெஜெக்ஸ்' என்ற நூலகம் இந்தப் பிரிப்பை ஒரே குறியீட்டில் செய்துவிடும். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தன் நூலகத்திலும் எழுத்துப் பிரிக்க ஃபங்ஷன் இருக்கிறது. ஆனால் நீங்கள் கையால் எழுதியது வீண் இல்லை. இனி அந்த நூலகங்களைப் பயன்படுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்து பயன்படுத்துவீர்கள்.

உங்கள் ரெகுலர் எக்ஸ்பிரஷன் அனுபவம் ஒரு பழைய சங்கதியை நினைவுபடுத்தியது. 1986இல் ஜான் பென்ட்லி என்பவர் ஏசிஎம் என்ற கணினித் துறை அமைப்பின் மாத இதழில் ஒரு பத்தி எழுதிவந்தார். ஒரு கட்டுரையில் அதிகமாக வரும் சொற்களை எண்ணிக்கையோடு அச்சிட வேண்டும், இதற்கு நிரல் எழுதுங்கள் என்று கணினி அறிஞர் டொனால்ட் நூத்திடம் கேட்டார். நூத் விளக்கத்தோடு சேர்த்துப் பல பக்கத்துக்கு பாஸ்கல் மொழியில் அழகான நிரல் எழுதினார். அதை மதிப்பிட வந்தவர் டக் மெக்கில்ராய், யூனிக்ஸ் இயங்குதளத்தில், ஒரு கட்டளையின் விடையை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் பைப் என்ற யோசனையைக் கொண்டுவந்தவர். அவர் நூத்தின் நிரலை மனதாரப் பாராட்டிவிட்டு, அதே வேலையை ஆறு யூனிக்ஸ் கட்டளைகளைக் கோத்து முடித்துக் காட்டினார்.

இன்றும் அது வேலை செய்கிறது, ஆங்கிலத்துக்கு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த ஆறு கட்டளையையும் ஒரு தமிழ்க் கோப்பின் மேல் ஓட்டினேன். ஒரு தமிழ்ச் சொல்கூட வரவில்லை. முதல் கட்டளையே 'ஆங்கில எழுத்து அல்லாத எல்லாவற்றையும் வரி முறிவாக மாற்று' என்பதுதான். முழுத் தமிழும் வரி முறிவாகிவிட்டது. அன்றைக்குத்தான் 'எழுத்து' என்றால் என்ன என்ற கேள்வி எனக்குள் வந்தது. நல்ல கருவி எல்லாவற்றிலும் யாரோ ஒருவருடைய மொழி பற்றிய அனுமானம் உட்கார்ந்திருக்கிறது. தமிழில் சின்ன நிரல் எழுதுகிறவர்களுக்கு இது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகிறது.

ரயிலடி
புதன், காலை 8:10

முயற்சியைக் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு மாலை செலவான அந்த 9 வரியை ஏஐயிடம் கேட்டால் பத்து நொடியில் தரும். வரிசைப்படுத்தும் பகுதியையும் சேர்த்தே தரும். இன்றைக்கு வேலை செய்யும் இடத்தில் எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறோம். இதையும் கணக்கில் எடுக்க வேண்டாமா?

வைகைக்கரை
புதன், இரவு 9:55

நியாயமான கேள்வி என்று நினைத்து நானே கேட்டுப் பார்த்தேன். 'தமிழ்ச் சொற்களை அகர வரிசைப்படுத்த பைத்தன் நிரல் கொடு' என்றேன். உடனே வந்தது, பார்க்க அழகாக இருந்தது. ஓட்டினால் பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஆனால் அதற்குள் இருந்த மெய்யெழுத்துப் பட்டியலில் ளகரம் முன்னாலும் ழகரம் பின்னாலும் இருந்தன. புள்ளி வைத்த எழுத்து உயிர்மெய்க்கு முன்னால் வர வேண்டும் என்பதும் அதில் இல்லை. அத்தை திருத்திய பட்டியல் பக்கத்தில் இருந்ததால் கண்டுபிடித்தேன். போன வாரம் என்றால் அப்படியே ஒட்டியிருப்பேன்.

செங்காந்தள்
புதன், இரவு 10:40

ரயிலடி கேட்டதற்கு என் பதில்: பயன்படுத்தலாம். ஆனால் வந்ததைச் சோதிக்கத் தெரிந்த பிறகு பயன்படுத்த வேண்டும். சோதிப்பது எப்படி என்று யாரும் வகுப்பில் சொல்லித் தருவதில்லை, அதனால் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

தம்பி, அத்தையிடம் 20 சொல் கேட்டு வாங்குங்கள். எந்தெந்த இடத்தில் குழப்பம் வரும் என்று அவருக்குத் தெரியும். ழ-ள, ர-ற, ந-ன எல்லாம் அதில் இருக்கட்டும். புள்ளி எழுத்து, ஆய்த எழுத்து, ஜ, ஸ போன்ற கிரந்த எழுத்து, ஒரு சொல்லின் தொடக்கமே இன்னொரு சொல்லாக இருக்கும் ஜோடி (அம்மா, அம்மாள் மாதிரி) எல்லாம் இருக்கட்டும். அதை அவரே சரியான வரிசையில் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு உங்கள் நிரல் அந்த 20 சொல்லையும் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்து, திரும்ப அடுக்கி, அத்தையின் வரிசையோடு ஒப்பிட வேண்டும். இதை நூறு தடவை செய்யச் சொல்லுங்கள். ஒரு தடவை மாறினாலும் நின்று எந்தச் சொல்லில் மாறியது என்று சொல்ல வேண்டும். நிரலில் ஒரு வரி மாற்றினாலும் இதை ஓட்டிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

இப்போது வரிசை. 'சார்ட்டட்' ஃபங்ஷனுக்கு 'கீ' என்று ஒன்று கொடுக்கலாம். சொல்லுக்குப் பதிலாக எதை வைத்து ஒப்பிட வேண்டும் என்று அதில் சொல்கிறோம். நீங்கள் பிரித்த ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு எண்ணாக மாற்றுங்கள். முதல் எண் மெய்யின் இடம், இரண்டாவது அதன் மேல் ஏறிய உயிரின் இடம். உயிர் எழுத்துக்கு மெய் இல்லை, அதனால் முதல் எண் 0. ஆய்தம் 1. ககரம் 2 தொடங்கி னகரம் 19 வரை. அதற்கு மேல் கிரந்தம். உயிர் இடத்தில் புள்ளிக்கு 0, அகரத்துக்கு 1, ஆகாரத்துக்கு 2, இப்படியே ஔகாரத்துக்கு 12. க என்று வெறுமனே இருந்தால் குறி எதுவும் இல்லை, அதற்குள் அகரம் இருக்கிறது, அதனால் 1.

நம் இலக்கணத்தில் மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் என்று படிக்கிறோமே, அதே கணக்கு. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247. இரண்டு எண் ஜோடியில் 247உம் அடங்கிவிடுகிறது. எனக்கு இது ஒவ்வொரு முறையும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

மேய்ச்சல்
வியாழன், காலை 7:30

இழையைப் படித்துவிட்டு நானும் தொடங்கிவிட்டேன். அப்பா இரண்டு மாடு வைத்திருக்கிறார், எட்டு வீட்டுக்குப் பால் ஊற்றுகிறோம். மாதக் கணக்கு அம்மா காலண்டரில் எழுதுவார். அதை நிரலாக்கினேன். அம்மாவின் கணக்குக்கும் என் கணக்குக்கும் சில வீட்டில் ஒரு ரூபாய் வித்தியாசம் வருகிறது. அம்மாதான் சரி. எங்கே தப்பு என்று தெரியவில்லை.

கொள்ளிடம்
வியாழன், காலை 8:45

பணத்தைத் தசமப் புள்ளியோடு வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பைத்தனில் 0.1 + 0.2 என்று போட்டுப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். கணினி எண்களை இரும முறையில் (0, 1 மட்டும்) வைப்பதால் 0.1ஐத் துல்லியமாக வைக்க முடியாது. எல்லாவற்றையும் பைசாவில், முழு எண்ணாக வையுங்கள். பாலை மில்லியில் வையுங்கள். லிட்டர் 37 ரூபாய் 50 பைசா, ஒன்றரை லிட்டர் என்றால் 3750 × 1500 ÷ 1000 = 5625 பைசா. ரூபாயாக மாற்றுவது அச்சிடும்போது மட்டும்.

ஒரு ரூபாய் வித்தியாசம் என்றால் இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. பைத்தன் 3இல் முழு எண்ணாக்கும் 'ரவுண்ட்' ஃபங்ஷனுக்கு 2.5 கொடுத்தால் 2 தரும், 3.5 கொடுத்தால் 4 தரும். சரிபாதி வந்தால் இரட்டை எண் பக்கம் போகும். அம்மா ஐம்பது பைசா வந்தால் எப்போதும் மேலே ஏற்றுவார் என்றால் அங்கேதான் தப்புகிறது. அவரிடமே கேளுங்கள்.

மேய்ச்சல்
வியாழன், இரவு 8:20

இரண்டாவதுதான்! அம்மா மேலேதான் ஏற்றுகிறார். மாற்றிவிட்டேன், எட்டு வீடும் சரியாக வருகிறது. நன்றி அண்ணா.

வைகைக்கரை
வெள்ளி, இரவு 11:15

20 சொல்லும் நூறு தடவையும் சரியாக வந்தது. அந்த மகிழ்ச்சியில் 640 சொல்லையும் கொடுத்தேன். இரண்டு இடத்தில் விளங்காத தப்பு.

ஒன்று, பட்டியலின் முதல் சொல் 'அகழ்'. அது மட்டும் கடைசியில் போய் நிற்கிறது. அந்தச் சொல்லை நானே திரும்பத் தட்டச்சு செய்தால் சரியான இடத்துக்கு வருகிறது. கோப்பிலிருந்து படித்தால் வரவில்லை. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

இரண்டு, 'கௌதாரி' கோ வரிசைக்குப் பின்னால் வர வேண்டும். ஆனால் கெ வரிசையில் 'கெழுதகை' என்ற சொல்லுக்கு அடுத்து வந்து நிற்கிறது. எண் பட்டியலை நாலு தடவை சரிபார்த்தேன், ஔகாரத்துக்கு 12 என்றுதான் இருக்கிறது. இன்றைக்கு மட்டும் மூன்று மணி நேரம் பார்த்துவிட்டேன்.

இடையில் செவ்வாயன்று ஓடிக்கொண்டிருந்த நிரலை மாற்றி மாற்றிக் கெடுத்துவிட்டுத் திரும்பப் போக வழி இல்லாமல் அழித்து எழுதினேன். அதற்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

பனங்கூடல்
சனி, அதிகாலை 5:50

வணக்கம் தம்பி, யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் இரண்டு சிக்கலிலும் நான் பல நாள் கிடந்திருக்கிறேன், ஆதலால் உடனே விளங்கியது.

கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க இயலாது. சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லின் ஒவ்வொரு குறிக்கும் எண்ணை அச்சிடுங்கள். 'அகழ்' என்ற சொல்லுக்கு முன்னால் 65279 என்று ஓர் எண் நிற்கும். கோப்பின் தொடக்கத்தில் சில மென்பொருள்கள் வைக்கும் அடையாளக் குறி அது, திரையில் தெரியாது. எக்செலில் யுடிஎஃப்-8 சிஎஸ்வி என்று சேமித்தால் வரும், பழைய நோட்பேடிலும் வரும். அந்த எண் உங்கள் பட்டியலில் இல்லை, ஆகவே கடைசிக்குப் போயிருக்கும். 'ஸ்ட்ரிப்' போட்டாலும் அது போகாது. கோப்பைத் திறக்கும்போது குறியாக்கம் யுடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள். குறி இருந்தால் எடுத்துவிடும், இல்லாவிட்டால் சும்மா விட்டுவிடும்.

கௌதாரிக்கு வருவோம். ஔகாரக் குறிக்கு யூனிகோடில் தனி எண் இருக்கிறது, 3020. ஆனால் நிறையப் பேர் எகரக் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தைத் தட்டிவிடுவார்கள். கண்ணுக்கு அதே உரு. கணினிக்கு அது க, கொம்பு 3014, ள 2995. அதாவது 'கெ' என்ற எழுத்தும் 'ள' என்ற எழுத்தும். உங்கள் நிரல் சரியான வேலைதான் செய்திருக்கிறது.

இதைத் திருத்தும்போது அவசரப்படாதீர்கள். கொம்பும் ளகரமும் வரும் எல்லா இடத்தையும் ஔகாரமாக மாற்றினால் 'தெளிவு', 'வெள்ளம்' எல்லாம் கெட்டுப்போகும். நான் ஒருமுறை அப்படி முழுக் கோப்பையும் கெடுத்தேன். ளகரத்துக்குப் பின்னால் குறியோ புள்ளியோ இல்லாமல் வெறும் ளகரமாக நின்றால் மட்டும் சந்தேகப்படுங்கள். 'தெளிவு' என்றால் இகரக் குறி இருக்கும், 'வெள்ளம்' என்றால் புள்ளி இருக்கும். சந்தேகச் சொற்களைத் தனியாக அச்சிட்டு அத்தையிடம் காட்டி, அவர் சொன்ன பிறகு மாற்றுங்கள். ஒகர, ஓகாரக் குறிகளும் சில இடத்தில் கொம்பும் காலுமாக இரண்டாக இருக்கும், அவற்றைப் பைத்தனின் 'யூனிகோட் டேட்டா' நூலகத்தில் உள்ள நார்மலைஸ் ஃபங்ஷன் சேர்த்துவிடும். ளகரம் உண்மையான எழுத்து என்பதால் அதை அது தொடாது.

கொள்ளிடம்
சனி, காலை 9:00

கெட்டுப்போன நிரலுக்கு: கிட். நிரலின் ஒவ்வொரு நிலையையும் சேமித்து வைக்கும் கருவி. லினக்ஸ் கெர்னல் வேலைக்காக 2005இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. பயப்பட வேண்டாம், சேமிக்க இப்போதைக்கு மூன்று கட்டளை போதும்: இனிட், ஆட், கமிட். பழைய நிலைக்குத் திரும்பப் போக ரிஸ்டோர். சோதனை நூறு தடவையும் சரியாக வந்தவுடன் ஒரு கமிட், அதில் என்ன மாற்றினீர்கள் என்று தமிழிலேயே ஒரு வரி. தனியாளாக வேலை செய்யும்போதும் இது வேண்டும். கிளை, இணைப்பு எல்லாம் தேவை வரும்போது படித்துக்கொள்ளலாம்.

வைகைக்கரை
அடுத்த ஞாயிறு, மாலை 6:30

எல்லாருக்கும் நன்றி. முடிந்துவிட்டது.

65279 அப்படியே நின்றது. எண்ணை அச்சிட்டுப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஔகாரச் சந்தேகப் பட்டியலில் நான்கு சொல் வந்தன: கௌதாரி, பௌர்ணமி, மௌனம், வௌவால். நான்கையும் மாற்றச் சொன்னார் அத்தை.

640 சொல்லும் அடுக்கியதை அவர் முழுக்கப் படித்தார். அவருடைய பழைய கையேட்டோடு மூன்று இடத்தில் மாறுபட்டது. இரண்டு இடத்தில் என் நிரல் தப்பு (ஸகரத்தையும் ஷகரத்தையும் மாற்றி வைத்திருந்தேன்). மூன்றாவது இடத்தில் பழைய கையேடுதான் தப்பு. 'அறம்' என்ற சொல் 'அளவை'க்கு முன்னால் போயிருந்தது, ஆறு வருடமாக அப்படியே அச்சாகியிருக்கிறது. அத்தை கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, இனிமே இதையே வச்சுக்கலாம்" என்றார்.

முதல் நாள் அவரால் தனியாக ஓட்ட முடியவில்லை. கறுப்புத் திரையில் கோப்பின் பெயரைத் தட்டச்சு செய்யச் சொன்னால் எப்படி முடியும்? இப்போது ஒரு ஃபோல்டரில் கோப்பை வைத்து ஒரு ஐகானை இரட்டைச் சொடுக்கு சொடுக்கினால் பக்கத்திலேயே புதுக் கோப்பு வந்துவிடும். பழைய கோப்பை நிரல் தொடாது. இந்த ஒரு மாற்றத்துக்கு அரை நாள் ஆனது. வேறு ஒருவர் பயன்படுத்தப்போகிறார் என்றால் எவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது!

இப்போது அத்தை அடுத்ததைக் கேட்கிறார். பதினைந்து வருடத்து வினாத்தாள்கள் வேர்ட் கோப்புகளாக இருக்கின்றன, எல்லாம் யூனிகோட் அல்லாத பாமினி என்ற பழைய எழுத்துருவில். யூனிகோடுக்கு மாற்ற வேண்டுமாம். இணையத்தில் மாற்றிகள் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொரு பத்தியாக ஒட்ட வேண்டியிருக்கிறது, நடுவில் வரும் ஆங்கிலச் சொல்லும் கெட்டுப்போகிறது. குறிக்குக் குறி மாற்றும் டிக்ஷனரி ஒன்று போட்டுப் பார்த்தேன். பாதி சரியாக வருகிறது, 'கொடி', 'தேர்' மாதிரிச் சொற்களில் கொம்பு இடம் மாறி நிற்கிறது. எங்கே தொடங்குவது பனங்கூடல் அண்ணா?

பனங்கூடல்
அடுத்த ஞாயிறு, இரவு 9:10

பாமினி என்றால் எங்கள் பக்கம்தான் தம்பி. இங்கே நிறைய அச்சகங்களில் இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது, ஆகவே இது எனக்கும் வேண்டிய வேலை.

பாமினி கண் பார்க்கும் வரிசையில் சேமிக்கும். 'கொ' என்றால் கொம்பு, ககரம், கால். யூனிகோட் உச்சரிக்கும் வரிசை, ககரம் முதலில், குறி பிறகு. ஆகவே குறிக்குக் குறி மாற்றினால் கொம்பு முந்தைய எழுத்தின் தலையில் போய் ஏறும். நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றுங்கள்: கொம்பு-மெய்-கால் மூன்றும் சேர்ந்தது முதலில், கொம்பு-மெய் அடுத்து, தனிக் குறிகள் கடைசியில். இந்த வரிசை மாறினால் எல்லாம் குழம்பும்.

ஆங்கிலச் சொல் கெடுவதற்குக் காரணம், பாமினி ஆங்கில எழுத்தின் எண்களிலேயே தமிழ் உருவை வரைந்திருக்கிறது. வெறும் உரையாக எடுத்தால் எது எது என்று பிரிக்க வழி இல்லை. ஆனால் புது வேர்ட் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் கட்டு. ஒரு நகல் எடுத்துப் பெயரின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள் இருக்கும். எந்தத் துண்டு எந்த எழுத்துருவில் என்று அதில் எழுதியிருக்கும். பாமினி என்று இருக்கும் துண்டை மட்டும் மாற்றுங்கள். மிகப் பழைய வேர்ட் கோப்புகள் இப்படித் திறக்காது, அவற்றைப் புது வடிவில் சேமித்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஒரு வினாத்தாளை எடுத்து, அதில் கொம்பு வரும் 20 சொல்லை அத்தையைக் கொண்டு யூனிகோடில் தட்டச்சு செய்வித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் என்னிடம் உள்ள அச்சகக் கோப்பில் 20 எடுக்கிறேன். புதன் இரவு இரண்டையும் ஒப்பிடுவோம்.